இடது கீழ் மூலை

ஜூன் 3, திங்கள்

இந்த நோட்டில் லென்ஸ் விஷயம் மட்டும்தான் எழுதுவேன். வீட்டுக் கதை, அழுகை, பக்கத்து வீட்டுப் புகார் எதுவும் கிடையாது. அதையெல்லாம் எழுதத் தொடங்கிப் பாதியில் நின்றுபோன நோட்டுகள் என்னிடம் ஏற்கெனவே நான்கு இருக்கின்றன.

நேற்று கோபியில் ஒரு வீட்டுக் குளியலறையைப் படமெடுக்க, வெஸ்டர்ன் டாய்லெட் மூடியின் மேல் ஏறி நின்றேன். மூடி உடைந்தது. வீட்டுக்காரம்மா "பரவாயில்லீங்க" என்று சொன்ன விதத்திலேயே அது பொய் என்று தெரிந்தது. மூடி போனாலும் படமாவது கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. வாளி வந்தது, குழாய் வரவில்லை.

வாடகைக்கும் விற்பனைக்கும் வரும் வீடுகளின் உட்புறத்தைப் படமெடுப்பது என் தொழில். என் கேமராவில் இருப்பது சிறிய சென்சார். கிராப் சென்சார் என்பார்கள். எந்த லென்ஸைப் போட்டாலும் ஓரத்தை வெட்டிவிட்டு நடுவை மட்டும் கொடுக்கும். கேமராவோடு வந்த 18-55 லென்ஸை வைத்துக்கொண்டு ஆறு வருடமாகச் சுவரோடு சுவராக ஒட்டி நின்று பிழைக்கிறேன். இனி முடியாது. பத்து மில்லிமீட்டர் வரை இறங்கி, சின்ன அறையையும் ஒரே படத்தில் அடக்கும் அல்ட்ரா வைடு லென்ஸ் ஒன்று வாங்கியே தீர வேண்டும். 24ஆம் தேதி கோவையில் ஓர் அடுக்குமாடியின் மாதிரி வீடுகளை எடுக்கும் வேலை இருக்கிறது. இதுவரை வந்ததில் பெரிய வேலை.

கோவையில் லென்ஸ் வாடகைக்குக் கொடுக்கும் ஜாபர் மூன்று லென்ஸ்களை ஒன்றன்பின் ஒன்றாக பஸ் பார்சலில் அனுப்புகிறார். 10-20, 11-16, 10-18. "ஒரே எடத்துல வெச்சு ஒரே மாதிரி எடுத்துப் பாருங்கக்கா. தேதி போட்டு எழுதி வைங்க. இல்லைன்னா மூணும் ஒண்ணுபோலத் தெரியும்" என்றார். அதனால்தான் இந்த நோட்டு.

வீட்டில் இவரிடம் சொன்னேன். "ஊட்டப் பெருசாக் காட்டறதுக்கு ஒரு லென்சா? அப்ப ஊட்டுக்காரன என்னன்னு காட்டும்?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் ஈஸ்வரமூர்த்தி, சத்தியமங்கலத்திலிருந்து தாளவாடி போகும் பஸ்ஸின் டிரைவர். ஒருநாள் விட்டு ஒருநாள் டியூட்டி. திம்பம் மலையின் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளில் பத்தொன்பது வருடமாக ஏறி இறங்குகிறார். பஸ்ஸில் ஒரு கீறல் விழுந்ததில்லை. இதை எல்லோரிடமும் அவரே சொல்லிவிடுவார், நான் சொல்ல வேண்டியதில்லை.

ஜூன் 6, வியாழன்

முதல் லென்ஸ், 10-20.

சோதனை முறை: எங்கள் ஹால். சமையலறை வாசலில் ட்ரைபாட். பத்து மில்லிமீட்டர், எஃப் எட்டு, ஷட்டர் திறந்திருப்பது அரை வினாடி. கை படாமல் இரண்டு வினாடி டைமர். வைடு லென்ஸில் நடுப்பகுதி எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். குட்டு உடைவது மூலைகளில். அதனால் நான்கு மூலையிலும் நுணுக்கமாக ஏதாவது இருக்க வேண்டும். வலது மேலே நாள்காட்டி. வலது கீழே மகள் யாழினியின் புத்தக அலமாரி. இடது மேலே ஒரு செய்தித்தாளை ஒட்டினேன். இடது கீழே மட்டும் ஒட்ட இடமில்லை, அங்கே இவருடைய நாற்காலி. அதில் இவர். இவருடைய கட்டம் போட்ட லுங்கி. சோதனை அட்டை என்று தனியாக விற்பதிலும் கட்டம்தானே இருக்கிறது? "அப்படியே உக்காருங்க, நீங்கதான் நாலாவது மூலை" என்றேன்.

ஓரத்தில் இருப்பதை இந்த லென்ஸ் இழுத்துவிடும். படத்தில் இவருடைய இடது கை முழங்காலைத் தாண்டி நீண்டு கிடந்தது. அதைப் பார்த்து யாழினி விழுந்து விழுந்து சிரித்தாள்.

கம்ப்யூட்டரில் பெரிதாக்கினால் மூன்று மூலை கத்தி மாதிரி கூர்மை. இடது கீழ் மூலை கலங்கல். லுங்கிக் கட்டங்கள் ஒன்றோடொன்று கரைந்து கிடந்தன.

படம் பார்த்துக்கொண்டிருந்ததில் அடுப்பில் பால் பொங்கிக் கருகி வீடே நாறியது. அடுப்புக்கு நாலடி தள்ளி உட்கார்ந்திருந்த மனிதர், "என்ன, எதாச்சும் வெச்சிருந்தியா?" என்று கேட்டார்.

ஜூன் 7, வெள்ளி

இவர் டியூட்டி. நாற்காலி காலி. அதனால் சோதனை இல்லை.

ஜூன் 8, சனி

மறுபடி எடுத்தேன். பன்னிரண்டு படம். இடது கீழ் மூலை பன்னிரண்டிலும் கலங்கல்.

ஜாபரைக் கூப்பிட்டேன்.

"லென்ஸுக்குள்ள கண்ணாடி ஒரு பக்கமாச் சாஞ்சிருக்குதாட்ட. ஒரு மூல மட்டும் போச்சு."

"அக்கா, போன வாரம் இதுலதான் ஒரு கல்யாணமே எடுத்தாங்க. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல."

"கல்யாணத்துல மூலையை யாரு பாக்கறா? எல்லாரும் பொண்ணத்தான் பாப்பாங்க. நான் மூலையை வெச்சுத்தான் பொழைக்கறேன்."

"சரிக்கா, அனுப்பிருங்க. அடுத்ததத் தர்றேன்."

ஜாபர் சலித்துக்கொண்டது போனிலேயே தெரிந்தது. சலித்துக்கொள்ளட்டும்.

ஜூன் 10, திங்கள்

இரண்டாவது, 11-16, மாலை பார்சலில் வந்தது. கல்லு மாதிரி கனம்.

யாழினியின் பள்ளிக்கூடத்திலிருந்து சுற்றுலாப் படிவம் திரும்பி வந்துவிட்டது. அப்பாவின் கையெழுத்து பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லையாம். வாங்கிப் பார்த்தால் கோட்டின்மேல் எறும்பு செத்துக் கிடக்கிற மாதிரி ஒரு சின்னக் கிறுக்கல். அகலமாக வால் சுழித்து, அடுத்தவர் பெயர் மேலேயும் ஏறிவிடும் கையெழுத்து இவருடையது. "மழை பேஞ்சிதுன்னு ஒதுங்கி நிக்குதா உங்க கையெழுத்து?" என்றேன். சிரிக்கவில்லை. படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டார். சாப்பிட்டு வந்து பார்த்தால், நானே கையெழுத்துப் போடட்டும் என்று பேனாவோடு என் மேஜைமேல் இருந்தது.

இது லென்ஸ் விஷயம் இல்லை. எழுதியாகிவிட்டது, இருக்கட்டும்.

ஜூன் 12, புதன்

இரண்டாவது லென்ஸ் சோதனை. அதே இடம், அதே நாற்காலி, அதே லுங்கி.

அதே கலங்கல்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. லென்ஸ் மேல் காட்ட முடியாது, வாடகை லென்ஸ். அதனால் இவர் மேல் காட்டினேன்.

"கொஞ்சம் ஆடாம உக்காருங்களே!"

"நான் ஆடவே இல்லையே."

"ஆடாமயா கட்டமெல்லாம் இப்படிக் கரைஞ்சிருக்குது?"

"ஆடலைன்னு சொல்றேனல்ல!" என்று ஒரு சத்தம் போட்டார். யாழினி பாடப் புத்தகத்திலிருந்து தலை தூக்கினாள். எங்கள் வீட்டில் சத்தம் போடும் ஆள் நான். இவர் போட்டு நான் கேட்டதில்லை.

பிறகு அவரே சமாதானமாகி, "எடு, எடு" என்றார். இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தார். அந்தக் கடைசிப் படத்தில் மட்டும் மூலை சுத்தமாக இருக்கிறது. ஒரு படத்தில் சரியாகவும் பத்துப் படத்தில் தப்பாகவும் வரும் லென்ஸை நம்பி நான் எப்படிக் கோவைக்குப் போவது? இதையும் திருப்பி அனுப்பப் போகிறேன்.

ஜூன் 13, வியாழன்

அனுப்பிவிட்டேன். இவர் காலையில் டியூட்டிக்குப் போகும்போது சட்டைப் பொத்தானைப் போட என்னைக் கூப்பிட்டார். புதுச் சட்டை, பொத்தான் துளை இறுக்கமாம். பழைய சட்டைதான் அது.

ஜூன் 14, வெள்ளி

மூன்றாவது லென்ஸ், 10-18. இலகுவாக, கைக்கு அடக்கமாக இருக்கிறது. மனசுக்குள் இதுதான் என்று தோன்றிவிட்டது. எடுத்தேன்.

இடது கீழ் மூலை.

ஜாபர் இந்த முறை சலித்துக்கொள்ளக்கூட இல்லை. "அக்கா, மூணு லென்ஸும் ஒரே மூலையில கெட்டுப்போகாதுக்கா. உங்க கேமராவுல லென்ஸ் மாட்டுற வாய் சாஞ்சிருக்கும். ஒண்ணு பண்ணுங்க. கேமராவைத் தலைகீழா மாட்டி அதே படத்தை எடுங்க. கோளாறு கேமராவுலயோ லென்ஸுலயோ இருந்தா கலங்கலும் எதிர்மூலைக்குப் போயிரும். நாள்காட்டி கலங்கும், லுங்கி தெளிஞ்சிரும்."

"போகலைன்னா?"

"போகலைன்னா உங்க ஹால்லதான் கோளாறு" என்று சிரித்தார்.

ஜூன் 15, சனி

காலையில் இவர் டியூட்டிக்குக் கிளம்ப அரை மணி இருந்தது. சீருடை போடும் முன் லுங்கியோடு உட்காரச் சொன்னேன். ட்ரைபாடின் நடுத்தண்டைக் கழற்றித் தலைகீழாகச் செருகி, கேமராவை வௌவால் மாதிரி தொங்கவிட்டு எடுத்தேன். மூன்று படம். "முடிஞ்சுதா?" என்றார். "முடிஞ்சுதுங்க" என்றேன். போய்விட்டார்.

யாழினியைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் கம்ப்யூட்டரில் போட்டேன்.

நாள்காட்டி தெளிவு. ஏகாதசி, சனிப் பெயர்ச்சி எல்லாம் படிக்க முடிகிறது.

லுங்கி கலங்கல்.

அப்படியானால் லென்ஸ் இல்லை. கேமராவும் இல்லை.

இன்னும் பெரிதாக்கினேன். நாற்காலியின் கால் தெளிவு. காலடியில் கிடந்த செருப்பின் தையல்கூடத் தெளிவு. அவர் கால் விரல் நகம் தெளிவு. வலது கை தெளிவு, அதில் மோதிரமும். லுங்கியில் வலது தொடைப் பக்கம் கட்டம் கட்டமாக எண்ணிவிடலாம்.

இடது கை இல்லை. கை இருக்க வேண்டிய இடத்தில் தோல் நிறத்தில் ஒரு புகை. அந்தக் கைக்கு அடியில் இருக்கும் துணி மட்டும்தான் கலங்கியிருக்கிறது.

நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துவிட்டேன்.

அதே நாள், மதியம்

6ஆம் தேதியிலிருந்து எடுத்த எல்லாப் படங்களையும் திறந்தேன். முப்பத்தெட்டு. யாழினி பார்த்துச் சிரித்தது, பால் பொங்கிய அன்று எடுத்தது, நான் திட்டியபோது எடுத்தது. அரை வினாடி அரை வினாடியாக அந்தக் கை ஆடிக்கொண்டே இருக்கிறது. ஒரே ஒரு படத்தில் இல்லை. அதில் அவர் கைமேல் உட்கார்ந்திருக்கிறார்.

நான் இத்தனை நாளும் இந்த மூலையை ஒன்றுக்கு ஒன்று அளவில், ஒன்றுக்கு மூன்று அளவில், முகம் திரையில் முட்டும் அளவுக்குப் பார்த்திருக்கிறேன். துணியைப் பார்த்தேன். கையைப் பார்க்கவில்லை. கண் என்று இரண்டு எதற்கு எனக்கு?

அவர் இப்போது மலைமேல் இருக்கிறார். கியர் போடுவது இடது கையில்.

ஜூன் 16, ஞாயிறு

பழைய 18-55 லென்ஸைத் துடைத்து அதன் அட்டைப் பெட்டியில் வைத்துவிடலாம் என்று பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பெட்டி காலியாக இருக்க வேண்டும். இல்லை. மாத்திரை அட்டைகள் ஆறு. நான்காக மடித்த சீட்டு. கோவை நரம்பு மருத்துவர் ஒருவருடையது. ஈஸ்வரமூர்த்தி, வயது 46. தேதி பிப்ரவரி 9. நோயின் பெயரை நான் ஏற்கெனவே நேற்று முழுக்கப் போனில் தேடிப் படித்திருந்தேன். பார்க்கின்சன். படித்ததில் மற்றதும் இருந்தது. எழுத்து சிறுத்துப் போகும். வாசனை தெரியாது. பொத்தான் போட வராது.

நேற்று விழுந்தது ஓர் அடி. இது அதைவிடப் பெரிது. நேற்று வரை, பாவம், அவருக்கே தெரியவில்லை போலும் என்று நினைத்து அழுதேன். அவருக்கு நான்கு மாதமாகத் தெரியும்.

வாசலில் யாழினியின் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார். யாழினி தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். பெட்டியை அவர் முன்னால் நீட்டினேன்.

"அதை எதுக்கு எறக்குனே?"

"இது என்னங்க?"

"நடுக்கம். மாத்திரை போட்டா அடங்குது."

"பஸ்ஸுல?"

"ஸ்டியரிங்கப் புடிச்சா நடுங்கறதில்ல வாணி. சும்மா வெச்சிருந்தாத்தான். டாக்டரே சொன்னாரு, சும்மா இருக்கறப்பத்தான் ஆடும்னு."

"மலையில பஸ் ஓட்டலாம்னு சொன்னாரா?"

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நான்தான் போய் மூடினேன்.

"என்ன வேலைன்னு கேட்டாரு. டெப்போவுல வேலைன்னு சொன்னேன். பொய்யில்லையே அது."

இந்த மனிதர் பதினைந்து வருடத்தில் என்னிடம் சொன்ன பெரிய பொய், கத்திரிக்காய்க் குழம்பு நன்றாக இருக்கிறது என்பதுதான். டாக்டரிடமே பொய் சொல்லிவிட்டு, மாத்திரையை என் லென்ஸ் பெட்டியில் ஒளித்து வைத்துவிட்டு, என் கேமரா முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கிறார்.

"நாளைக்கே டெப்போவுல சொல்லீருங்க."

"சொன்னா அடுத்த நிமிசம் சாவியை வாங்கி வெச்சுக்குவாங்க."

"வாங்கட்டும்."

"பத்தொம்பது வருசம், வாணி. மூர்த்தி பஸ்ஸுன்னா புள்ளத்தாச்சிகூடப் பயமில்லாம ஏறுவா. ஒரு ஸ்டூலப் போட்டு என்னைய டெப்போ மூலையில உக்கார வெச்சாங்கன்னா அப்பறம் நான் யாரு?" சைக்கிள் சக்கரத்தைச் சுற்றிவிட்டார். "என்ற கையப் பத்தி எனக்குத் தெரியும். ஓட்ட முடியாதுன்னு தோணுச்சுன்னா நானே எறங்கிருவேன்."

ஜூன் 17, திங்கள்

இவர் காலையில் டியூட்டிக்குப் போனார். டெப்போ மேனேஜரின் எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்தேன். பத்து எண்ணில் ஒன்பது அழுத்தி, வைத்துவிட்டேன். மூன்று முறை.

இது தப்பு. பஸ்ஸில் ஏறியவர்கள் யாரையும் கேட்காமல் நான் செய்த தப்பு. எழுதி வைக்கிறேன்.

ஜூன் 19, புதன்

இன்று நான் அவர் பஸ்ஸில் ஏறினேன். சொல்லிவிட்டு ஏறவில்லை. கண்டக்டர் "என்னக்கா, தாளவாடிக்கா?" என்று கேட்டபோதுதான் திரும்பிப் பார்த்தார். நான் டிக்கெட் வாங்கிக்கொண்டு முன்னால், இன்ஜின் மூடிக்குப் பக்கத்தில், கண்ணாடிக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். மடியில் கேமரா, அதில் 10-18.

நானும் ஏறிவிட்டேன், விழுந்தால் நானும்தான் விழுவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மலிவான சமாதானம். மற்றவர்களிடம் யார் கேட்டது?

பண்ணாரியில் எப்போதும்போல பஸ்ஸைக் கோயிலுக்கு நேராக நிறுத்தினார். எல்லோரும் உட்கார்ந்தபடியே கும்பிட்டார்கள். கண்டக்டர் கொண்டுவந்த திருநீற்றை இவர் வலது கையால் வாங்கிப் பூசினார். வளைவுகள் தொடங்கின. அவர் சொன்னது உண்மைதான். ஸ்டியரிங்கைப் பிடித்த கை நடுங்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று பலகைகள் போயின. வட்டமாக, அலுங்காமல், தொட்டில் ஆட்டுகிற மாதிரி ஏற்றினார். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, நான்தான் பெரிதுபடுத்துகிறேனோ என்று.

ஒன்பதாவது வளைவில் மேலிருந்து இறங்கிய ஒரு நீண்ட லாரி திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டது. இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். பஸ் அசையாமல் நின்றது. இவருடைய இடது கை கியர்க் கம்பியின் உருண்டைமேல் சும்மா இருந்தது.

கேமராவை முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பலகையில், பின்பக்கம் பார்த்தாற்போல் வைத்தேன். பத்து மில்லிமீட்டர். அரை வினாடி. இரண்டு வினாடி டைமர். அவர் என்னைப் பார்த்தார். கையைத் தொடைக்கு அடியில் வைக்கவில்லை.

ஒரே ஒரு படம் எடுத்தேன்.

லாரி ஒதுங்கியது. கிளம்பினோம். இருபத்திரண்டாவது வளைவின் ஏற்றத்தில், நடுவில், முதல் கியருக்கு மாற்ற வேண்டும். கை கியர்க் கம்பிக்குப் போனது. போய், அங்கேயே நின்றது. நடுங்கவில்லை. நின்றது, அவ்வளவுதான். சொன்னது கேட்காத மாதிரி. பஸ் பின்னால் உருண்டது. ஒரு முழம் இருக்கும், அதற்குள் பிரேக் பிடித்துவிட்டார். பின் சீட்டில் யாரோ "அம்மா, பண்ணாரித் தாயே" என்றார்கள். பிறகு கியர் விழுந்தது, பஸ் ஏறியது, மக்கள் விட்ட பேச்சைத் தொடர்ந்தார்கள். மலையில் இதெல்லாம் நடக்கும் என்று நினைத்திருப்பார்கள். வலது ஓரத்தில் தடுப்புச் சுவர் என் முட்டி உயரம்கூட இல்லை. அவர் கழுத்தில் வியர்வை வழிந்தது.

தாளவாடியில் எல்லோரும் இறங்கினார்கள். டீக்கடை பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கேமரா திரையில் படத்தைப் போட்டுக் கையில் கொடுத்தேன். பேசினால் சண்டை போட்டிருப்பேன்.

மூன்று பேர் சீட்டு, இரண்டு பேர் சீட்டு, நிற்பவர்கள், கடைசிக் கண்ணாடி வரை முழு பஸ்ஸும் படத்தில் வந்திருந்தது. ஐம்பத்தைந்து பேராவது இருப்பார்கள். லாரி எப்போது நகரும் என்று அசையாமல் பார்த்துக்கொண்டிருந்த முகங்கள். எல்லாம் தெளிவு. இடது கீழ் மூலையில் அந்தப் புகை.

பெரிதாக்குவது எப்படி என்று அவருக்கு நான் முன்பே காட்டியிருக்கிறேன். பெரிதாக்கினார். கைக்குப் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. முகம் முகமாகப் போனார்.

"இது ஆசனூர் டீச்சர். திங்கக்கெழமைலயும் புதங்கெழமைலயும் வரும்... இது பூண்டு யாவாரி மாதப்பா. இந்தம்மா மக ஊட்டுக்குப் போகுது, பேரன் பொறந்திருக்கானாம்..."

ஒவ்வொருவராக எண்ணுவதைப்போல நகர்த்திக்கொண்டே முன்னால் வந்தார். இன்ஜின் மூடிமேல், கியர்க் கம்பிக்கு இந்தப் பக்கம், துண்டு விரித்து ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மூன்று வயது இருக்கும். அதன் கால் அவர் கையிலிருந்து நான்கு விரற்கடை தூரம்.

"இந்தப் புள்ள எப்ப ஏறுச்சு?"

"பண்ணாரியிலங்க."

"நான் பாக்கவேயில்லையே."

டீ ஆறிக்கொண்டிருந்தது. அவர் முகத்தை நான் இதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. பயந்த முகம். பத்தொன்பது வருடத்தில் அந்த மலைக்குப் பயப்படாதவர்.

கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்தார். கண்டக்டரிடம் போனார். "தம்பி, எனக்குக் கை சரியில்ல. கீழ எறக்கறதுக்கு ஓய்வுல இருக்கற டிரைவர் யாராச்சும் வரச் சொல்லு. டெப்போவுக்கு நானே போன் பண்றேன்."

இறங்கும்போது நாங்கள் இருவரும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம். பயணிகள் சீட்டில் அவரை நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஒவ்வொரு வளைவிலும் அவர் வலது கால் தரையை மிதித்தது. இருபத்தேழு தடவையும் மிதித்தது. நான் அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளங்கைக்குள் அது ஆடிக்கொண்டே வந்தது.

ஜூன் 20, வியாழன்

டெப்போவுக்குக் கூடவே போனேன். மேனேஜர் நல்ல மனிதர். மருத்துவச் சீட்டைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இனி வண்டி கிடையாது. வேறு என்ன வேலை என்று பிறகு சொல்வார்களாம். ஒரு தாளை நீட்டினார். இவர் கையெழுத்துப் போட்டார்.

"மூர்த்தி, பழைய கையெழுத்து மாதிரி இல்லையே இது. இன்னொரு தடவை போடுங்க."

"இனிமே என்ற கையெழுத்து இதுதானுங்க சார்."

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று அழுதேன். அவர் அழவில்லை. என் கைப்பையை வாங்கி வைத்துக்கொண்டு நின்றார்.

யாழினியிடம் சாயங்காலம் சொன்னோம். "எனக்குத் தெரியும்" என்றாள். "அப்பா எனக்கு ஷூ லேஸ் கட்டி விடறப்ப நாலு தடவை அவுந்துபோச்சு." என் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. படமெடுக்கிறவளுக்கு மட்டும் தெரியவில்லை.

ஜூன் 22, சனி

10-18ஐயே வாங்கிவிட்டேன். ஜாபரைக் கூப்பிட்டு, மூன்று லென்ஸிலும் குற்றம் இல்லை, குற்றம் சொன்னவள் நான்தான் என்றேன். "ஹால்லதான் கோளாறுன்னு நான் சொன்னேன்ல?" என்று சிரித்தார். ஆமாம் என்றேன்.

வாங்கிய லென்ஸை ஒருமுறை சரிபார்த்துவிடுவது என் வழக்கம். ஹாலில் ட்ரைபாட் வைத்தேன். பெரிய டாக்டரைத் திங்கட்கிழமை பார்க்க வேண்டும், அதே கோவைதான். நான் மாதிரி வீட்டை முடித்துவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவேன். இந்த முறை என்ன வேலை என்று கேட்டால் பதிலை நான் சொல்வேன்.

அவர் தானாகவே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அதே லுங்கி.

"கையத் தொடைக்கு அடியில வெச்சுக்கட்டுமா?"

"வேண்டாங்க. அப்படியே வைங்க."

அரை வினாடி. எஃப் எட்டு. பத்து மில்லிமீட்டர்.

நாள்காட்டி தெளிவு. புத்தக அலமாரி தெளிவு. செய்தித்தாள் தெளிவு. நாற்காலியின் கால், செருப்பின் தையல், அவர் முகம், என்னைப் பார்க்கும் கண், எல்லாம் தெளிவு. இடது கை கலங்கல்.

நல்ல லென்ஸ்.